தொலைவும் நேரமும்: தேசியப் பாதுகாப்புப் படையும் அந்தமான் நிகோபார் தீவுகளும்

(அரசு அலுவலர்களும் மாணவர்களும் கூடிய அவையில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

இந்திய வரைபடத்தைப் பார்ப்போருக்கு அந்தமான் நிகோபார் தீவுகள் கிழக்கோரத்தில் சிதறிய சில புள்ளிகளாகவே தோன்றும். இடவசதி கருதி அவற்றைத் தனிக் கட்டம் ஒன்றில் அடைத்துக் காட்டும் வரைபடங்களும் உண்டு. அந்தக் கட்டத்தில் மறைந்துபோவது தொலைவு. தீவுகளின் தலைநகரமாகிய ஸ்ரீ விஜயபுரம், அதாவது 2024 செப்டம்பர் வரை போர்ட் பிளேர் என வழங்கிய நகரம், சென்னையிலிருந்து சுமார் 1,190 கிலோமீட்டர் தொலைவிலும், கொல்கத்தாவிலிருந்து சுமார் 1,255 கிலோமீட்டர் தொலைவிலும் உள்ளது. விமானத்தில் இரண்டு மணி நேரத்திற்குச் சற்றுக் கூடுதல். கப்பலில் ஏறக்குறைய மூன்று நாள். தலைநகரத்தை அடைந்தபின்னும் தொலைவு முடிவதில்லை. பெரிய நிகோபார் தீவிலுள்ள காம்ப்பெல் விரிகுடாவுக்குக் கடல்வழி இன்னும் 500 கிலோமீட்டருக்கு மேல் உண்டு. ஆனால் தென்கோடியாகிய இந்திரா முனையிலிருந்து இந்தோனேசியாவின் கடல் எல்லைத் தீவுகள் சுமார் 150 கிலோமீட்டர் அளவிலேயே உள்ளன.

பயங்கரவாதத்தை எதிர்ப்பதற்கென்றே நாடு ஒரு தனிப்படையை வளர்த்து வைத்துள்ளது. அப்படையின் வரலாற்றையும் பணியையும் எடுத்துரைப்போர் பெரும்பாலும் அதன் வீரத்தையும் பயிற்சியையும் கூறுவர். அவை போற்றத்தக்கவையே. ஆயினும் அப்படையின் நாற்பதாண்டு வரலாற்றை ஊன்றி நோக்கின், வெற்றியையும் தோல்வியையும் பெரிதும் நிர்ணயித்தது நேரமே என்பது புலனாகும். நேரம் என்பது தொலைவின் மறுபெயர். ஆகவே, அப்படையைப் பற்றிய எந்த ஆய்வும் நாட்டின் மிகத் தொலைவான பகுதியில் நின்று செய்யப்படும்போதுதான் முழுமை பெறும்.

படை தோன்றிய வரலாறு

1972 செப்டம்பரில் மியூனிக் ஒலிம்பிக் விளையாட்டுகளின்போது இஸ்ரேல் அணியைச் சேர்ந்தோர் பிணையாளிகளாகப் பிடிக்கப்பட்டனர். அவர்களை விடுவிக்க உள்ளூர்ப் போலீசார் செய்த முயற்சி தோல்வியில் முடிந்தது. அந்நிகழ்ச்சியில் இஸ்ரேல் அணியினர் மொத்தம் 11 பேர் உயிரிழந்தனர். அப்போலீசாரிடம் துணிவு இருந்தது. அத்தகைய பணிக்கெனப் பயிற்சி இல்லை. அதே மாதத்தில் மேற்கு ஜெர்மனி ஜி.எஸ்.ஜி.-9 என்னும் சிறப்புப் பிரிவை அமைத்தது. 1977 அக்டோபரில் சோமாலியாவின் மொகதிஷு விமான நிலையத்தில், கடத்தப்பட்ட லுஃப்தான்சா விமானத்திலிருந்து எஞ்சியிருந்த பிணையாளிகள் அனைவரையும் அப்பிரிவு மீட்டது. 1980 மே மாதம் இலண்டனில் ஈரான் தூதரகத்தில் பிரிட்டனின் எஸ்.ஏ.எஸ். பிரிவு நிகழ்த்திய மீட்பும் உலகின் கவனத்தை ஈர்த்தது. சாதாரணக் காவல் பணிக்கும் முழுமையான போருக்கும் இடையே மூன்றாவது வகைப் பணி ஒன்று உண்டு என்பதை இந்நிகழ்ச்சிகள் உணர்த்தின.

இந்தியாவுக்கு இப்பாடம் 1984 ஜூன் மாதத்தில் அமிர்தசரஸில் கிடைத்தது. பொற்கோயிலுக்குள் அரண் அமைத்துக்கொண்டிருந்தோரை வெளியேற்ற இராணுவம் பயன்படுத்தப்பட்டது. அதன் விளைவாக நேர்ந்த உயிர்ச்சேதமும், சமயவுணர்வுகளுக்கு ஏற்பட்ட காயமும் நாடறிந்தவை. வழிபாட்டிடங்களிலும் மக்கள் நெருங்கி வாழும் இடங்களிலும் அளவறிந்து செயல்படக்கூடிய படையொன்று தேவை என்னும் எண்ணம் வலுப்பெற்றது. அவ்வாண்டிலேயே தேசியப் பாதுகாப்புப் படை உருவாயிற்று. அக்டோபர் 16 அதன் தோற்ற நாளாகக் கொண்டாடப்படுகிறது. தேசியப் பாதுகாப்புப் படைச் சட்டம் 1986 ஆகஸ்டில் நாடாளுமன்றத்தில் கொண்டுவரப்பட்டு, செப்டம்பர் 22 அன்று குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்றது.

இப்படை மத்திய உள்துறை அமைச்சகத்தின் கீழ் இயங்குகிறது. தலைமை இயக்குநராக இந்தியக் காவல் பணி அதிகாரி ஒருவர் பொறுப்பு வகிக்கிறார். தாக்குதல் பணிக்குரிய சிறப்பு நடவடிக்கைப் பிரிவினர் இராணுவத்திலிருந்து வருகின்றனர். அவர்களுக்குத் துணைநிற்கும் சிறப்பு ரேஞ்சர் பிரிவினர் மத்திய ஆயுதப் போலீஸ் படைகளிலிருந்தும் மாநிலப் போலீசிலிருந்தும் வருகின்றனர். அனைவரும் அயற்பணியில் வந்து, சில ஆண்டுகள் பணியாற்றித் தாய்ப் பிரிவுக்குத் திரும்புவோர். இராணுவத்தின் ஆற்றலையும் போலீசின் சட்ட அறிவையும் ஒருங்கே கொண்ட இந்த அமைப்பு குறிப்பிடத்தக்கது. ஹரியானாவிலுள்ள மானேசரில் பயிற்சி அளிக்கப்படுகிறது. வெடிகுண்டு பற்றிய தகவல்களைத் திரட்டி ஆராயும் தேசிய வெடிகுண்டுத் தகவல் மையமும் இப்படையிடமே உள்ளது. கறுப்புச் சீருடை காரணமாக மக்கள் இதனைக் கறுப்புப் பூனைப் படை என வழங்குகின்றனர்.

ஒன்றை இங்கே தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். இப்படை மாநிலப் போலீசின் இடத்தை நிரப்புவதற்காக அமைக்கப்பட்டதன்று. அரசியலமைப்பின்படி பொது ஒழுங்கும் போலீசும் மாநிலப் பட்டியலில் அடங்கியவை. அசாதாரணமான சூழ்நிலையில், உள்ளூர் ஆற்றலுக்கு மிஞ்சிய பணிக்கு, உள்துறை அமைச்சகத்தின் ஆணையின்மேல் வந்து, பணி முடிந்ததும் திரும்பிச் செல்லுவதே இதன் இலக்கணம்.

நேரம் நிர்ணயித்த நிகழ்ச்சிகள்

1988 மே மாதத்தில் பொற்கோயில் மீண்டும் முற்றுகையிடப்பட்டது. பஞ்சாப் போலீசும் துணைப் படைகளும் தேசியப் பாதுகாப்புப் படையும் இணைந்து ஏறத்தாழ பத்து நாள் பொறுமையோடு செயல்பட்டன. குடிநீரும் உணவும் கிட்டாத நிலையில் உள்ளிருந்தோரில் சுமார் 200 பேர் சரணடைந்தனர். கோயிலுக்குச் சேதம் மிகக் குறைவு. நேரம் அரசின் பக்கம் இருந்தமையால் கிடைத்த வெற்றி இது.

நேரம் எதிர்ப்பக்கம் சேர்ந்தால் நேர்வது என்ன என்பதை ஒரே விமான நிலையத்தில் நிகழ்ந்த இரு நிகழ்ச்சிகள் காட்டும். 1993 ஏப்ரல் 24 அன்று டெல்லியிலிருந்து ஸ்ரீநகர் செல்லவிருந்த இந்தியன் ஏர்லைன்ஸ் விமானம் கடத்தப்பட்டது. லாகூர் இறங்க இடங்கொடாமையால் அது அமிர்தசரஸில் இறங்கியது. பேச்சுவார்த்தை பல மணி நேரம் நீண்டது. இதற்கிடையே தேசியப் பாதுகாப்புப் படையினர் வந்து சேர்ந்து, நள்ளிரவுக்குப் பின் சில நிமிடங்களில் விமானத்தைக் கைப்பற்றினர். உள்ளிருந்த 141 பேரும் உயிருடன் மீண்டனர்.

1999 டிசம்பர் 24 அன்று காட்மாண்டுவிலிருந்து டெல்லிக்கு வந்த ஐ.சி. 814 விமானம் கடத்தப்பட்டு அதே அமிர்தசரஸில் இறங்கியது. இம்முறை அது தரையில் நின்றது ஒரு மணி நேரத்திற்கும் குறைவாகவே. படை வந்து சேருமுன் விமானம் எழும்பி லாகூர், துபாய் வழியாகக் கந்தஹார் சென்றடைந்தது. ஒரு பயணி கொல்லப்பட்டார். ஒரு வாரத்திற்குப் பின் சிறையிலிருந்த மூவரை விடுவித்தே மற்றோர் மீட்கப்பட்டனர். இரு நிகழ்ச்சிகளிலும் விமான நிலையம் ஒன்று, படை ஒன்று, பயிற்சியும் ஒன்றே. வேறுபட்டது கிடைத்த அவகாசம். அந்த அவகாசத்தை நீட்டித்துக் கொடுக்கும் பொறுப்பு, அந்நேரத்தில் அங்கிருந்த உள்ளூர் நிர்வாகத்தினுடையது.

தமிழ்நாட்டு மக்கள் மறக்கவியலாத மற்றொரு நிகழ்ச்சியும் இவ்வகையில் எண்ணத்தக்கது. 1991 மே மாதம் ஸ்ரீபெரும்புதூரில் முன்னாள் பிரதமர் ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட வழக்கில் தேடப்பட்ட முக்கியமானோர், அவ்வாண்டு ஆகஸ்டில் பெங்களூரு அருகே கோணனகுண்டேயில் ஒரு வீட்டில் இருப்பது தெரியவந்தது. வீடு சுற்றிவளைக்கப்பட்டது, கமாண்டோ வீரர்களின் வருகையையும் உரிய முன்னேற்பாடுகளையும் எதிர்நோக்கிக் காலம் கழிந்தது. ஆகஸ்ட் 20 காலையில் உள்ளே நுழைந்தபோது எழுவரும் இறந்து கிடந்தனர். அவர்களை உயிருடன் பிடித்திருந்தால் விசாரணைக்குக் கிடைத்திருக்கக்கூடிய உண்மைகள் அவர்களோடு மறைந்தன.

மும்பையும் அதன் பின்னரும்

2008 நவம்பர் 26 இரவு, கடத்தப்பட்ட மீன்பிடிப் படகின் வழியாகக் கடலைக் கடந்து, ரப்பர் படகில் மும்பைக் கரையேறிய 10 பேர் நடத்திய தாக்குதலில் 166 பேர் உயிரிழந்தனர். மானேசரிலிருந்த தேசியப் பாதுகாப்புப் படையின் முதல் அணி, சுமார் 200 பேர், டெல்லி விமான நிலையத்தை அடைந்து, சண்டிகரிலிருந்து வரவேண்டிய பெரிய விமானத்திற்காகக் காத்திருந்து, மும்பையில் இறங்கி, பேருந்துகளில் நகருக்குள் சென்று சேர்ந்தபோது மறுநாள் காலையாகிவிட்டது. அதன்பின் மூன்று இடங்களில் அறை அறையாக நடந்த போராட்டம் 29ஆம் தேதி காலையில் முடிவுற்றது. மேஜர் சந்தீப் உன்னிகிருஷ்ணனும் ஹவில்தார் கஜேந்தர் சிங்கும் இன்னுயிர் ஈந்தனர். இருவருக்கும் அசோகச் சக்கர விருது அளிக்கப்பட்டது.

ஆயினும், அந்த இரவின் மிகப் பெரிய பயனை நாட்டுக்குத் தேடித்தந்தவர் கமாண்டோ அல்லர். கிர்காம் சௌபாத்தியில் சாலைத்தடுப்பில் நின்ற துணை உதவி ஆய்வாளர் துக்காராம் ஓம்ப்ளே, கையில் தடி மட்டுமே இருக்க, துப்பாக்கியின் முனையைப் பற்றிக்கொண்டு தம் உடலில் குண்டுகளைத் தாங்கினார். அதனால்தான் தாக்கியோரில் ஒருவன் உயிருடன் பிடிபட்டான். சதியின் முழு உருவமும் வெளிப்பட்டது. ஓம்ப்ளேவுக்கும் அசோகச் சக்கரம் வழங்கப்பட்டது. முதல் மணி நேரத்தில் நிற்பவர் யார் என்னும் கேள்விக்கு அவரே விடை.

மும்பைக்குப் பின் அரசு விரைந்து செயல்பட்டது. 2008 டிசம்பரில் தேசியப் புலனாய்வு முகமைச் சட்டம் நிறைவேறியது. 2009இல் மும்பை, சென்னை, ஐதராபாத், கொல்கத்தா ஆகிய நான்கு நகரங்களில் தேசியப் பாதுகாப்புப் படையின் பிராந்திய மையங்கள் தொடங்கப்பட்டன. பின்னர் காந்திநகரிலும் மையம் அமைந்தது. அவசர வேளையில் பயணிகள் விமானத்தையும் கேட்டுப் பெறும் அதிகாரம் தலைமை இயக்குநருக்கு அளிக்கப்பட்டது. முக்கியப் பிரமுகர்களின் பாதுகாப்புப் பணியிலிருந்து இப்படையை விடுவித்து, அப்பணியை மத்திய ரிசர்வ் போலீஸ் படையிடம் ஒப்படைக்க 2024இல் முடிவு செய்யப்பட்டதும் படையை அதன் அடிப்படை நோக்கத்திற்கே திருப்பும் செயலாகும்.

குவிப்பதா, பரப்புவதா?

பொருளாதார மாணவர்களுக்கு இங்கே பழக்கமான ஒரு சிக்கல் தென்படும். சிறப்புப் படையின் தரம் குவிப்பினால் விளைகிறது. ஒரே இடத்தில் தேர்ந்தெடுத்த வீரர்கள், விலைமிக்க கருவிகள், இடைவிடாப் பயிற்சி ஆகியவை சேரும்போது பேரளவுச் சிக்கனங்கள் கிடைக்கின்றன. அதே படையைப் பல துண்டுகளாகப் பிரித்து எங்கும் நிறுத்தினால் ஒவ்வொரு துண்டும் பெரும்பாலான நாட்களில் வேலையின்றி இருக்கும், பயிற்சியின் கூர்மை மழுங்கும், செலவு பெருகும். ஆனால் குவிப்பின் விலை நேரம். பரப்பினால் தரம் குறைகிறது. குவித்தால் தாமதம் நேர்கிறது. பிராந்திய மையங்கள் இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட சமரசம்.

இச்சமரசம் பெருநகரங்களுக்குப் பொருந்துகிறது. சென்னையிலோ ஐதராபாத்திலோ தாக்குதல் நேர்ந்தால் படை சாலைவழியாகவே சென்றடையும். தீவுகளுக்கு இந்தக் கணக்கு வேறாகும். சென்னை, கொல்கத்தா மையங்களே அவற்றுக்கு அருகிலுள்ளவை. ஆணை பிறப்பது, அணி திரள்வது, விமானம் ஆயத்தமாவது, இரண்டு மணி நேரத்திற்கு மேற்பட்ட பயணம், இறங்கியபின் நிகழ்விடம் சேர்வது ஆகிய அனைத்தையும் கூட்டினால், வானிலை நன்றாயிருக்கும் நாளிலும் பல மணி நேரம் கழியும். தென்மேற்குப் பருவமழைக் காலத்திலோ புயல் சின்னம் உருவாகும் நாட்களிலோ இன்னும் கூடும். 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி 3,80,581 பேர் வாழும் தீவுக்கூட்டத்தில் நிரந்தரமாக ஒரு தனி மையம் நிறுவுவது சிக்கனமாகுமா என்பது விவாதத்திற்குரியது. ஆனால் இடைப்பட்ட மணி நேரங்களை யார் தாங்குவது என்பதில் விவாதத்திற்கு இடமில்லை. உள்ளூர்ப் போலீசும், தீவுகளில் நிலைகொண்டுள்ள முப்படையினரும், கடலோரக் காவல் படையினரும், தீவு மக்களுமே அதைத் தாங்க வேண்டும்.

தீவுகள் கற்றுத்தந்த பாடங்கள்

தீவுகளின் வரலாறு இவ்வுண்மையைப் பலமுறை எடுத்துரைத்துள்ளது. 1858இல் தண்டனைக் குடியிருப்பு நிறுவப்பட்டபின் அங்கே காவலுக்குக் குறைவில்லை. ஆயினும் 1872 பிப்ரவரி 8 அன்று மாலை, ஹோப் டவுன் படகுத்துறையில், சுற்றிலும் மெய்க்காப்பாளர் இருக்க, கைதியாகிய ஷேர் அலி அஃப்ரிடி வைஸ்ராய் மேயோ பிரபுவைக் கத்தியால் குத்திக் கொன்றார். அக்காலத்தில் தந்தி இணைப்பு இல்லாமையால், இந்தியப் பேரரசின் தலைமை ஆட்சியாளர் இறந்த செய்தி கல்கத்தாவை எட்டக் கப்பலே வழியாயிற்று. 1942 மார்ச் 23 அன்று ஜப்பானியர் வந்திறங்கியபோது, படைகள் முன்னரே விலக்கிக்கொள்ளப்பட்டிருந்தமையால் எதிர்ப்பின்றித் தீவுகள் கைமாறின. தலைநிலத்திலிருந்து எந்த உதவியும் வரவில்லை. அதன்பின் மூன்றரை ஆண்டு ஆக்கிரமிப்பின் துன்பம் முழுவதும் தீவு மக்களின் மேல் விழுந்தது.

2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை தாக்கிய காலை நேரமும் இவ்வகையைச் சேர்ந்ததே. அது பகைவரின் செயலன்று. எனினும் முதல் மணி நேரங்களின் இயல்பு ஒன்றே. கார் நிகோபார் விமானப்படைத் தளம் சிதைந்து, படையினரும் குடும்பத்தாருமாக நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். தீவுக்கூட்டம் முழுவதும் இறந்தோரும் காணாமற்போனோரும் சேர்ந்து 3,500 பேரின் அளவை எட்டினர். படகுத்துறைகள் உடைந்தன, தொலைபேசிகள் ஓய்ந்தன. தொலைவிலுள்ள புறக்காவல் நிலையங்களின் கம்பியில்லாத் தொடர்பு பல தீவுகளுக்கு உயிர்நாடியாயிற்று. உதவி வரும்வரை மக்களைக் காத்தவர்கள் பெரும்பாலும் அவ்வூர்க் கேப்டன்களும், ஆசிரியர்களும், கான்ஸ்டபிள்களுமே.

அண்டையிலுள்ள மாலத்தீவின் அனுபவம் இதனினும் நேரான பாடமாகும். 1988 நவம்பர் 3 அதிகாலையில், இலங்கைத் தமிழ்ப் போராளிக் குழுவொன்றைச் சேர்ந்த கூலிப் படையினர் கடல்வழியாக வந்து தலைநகர் மாலேயில் ஆட்சியைக் கவிழ்க்க முற்பட்டனர். குடியரசுத் தலைவர் கயூம் இந்தியாவின் உதவியை நாடினார். அன்று மாலையே ஆக்ராவிலிருந்து புறப்பட்ட இந்தியப் பாராசூட் படையினர் 2,000 கிலோமீட்டருக்கும் அதிகமாகப் பறந்து, இரவில் ஹுல்ஹுலே விமானத் தளத்தில் இறங்கினர். தப்பியோடிய கப்பலைக் கடற்படை துரத்திப் பிடித்தது. இவ்விரைவு உலகத்தாரால் பாராட்டப்பட்டது. ஆனால் அதற்கு அடிப்படையாயிருந்தது, தாக்கியோர் ஹுல்ஹுலே ஓடுபாதையைக் கைப்பற்றாமல் விட்டிருந்தமையே. ஓடுபாதை பகைவர் கையில் இருந்திருப்பின், எத்துணை வலிய படையும் அந்த இரவில் தரையிறங்கியிருத்தல் அரிது. தீவைப் பொறுத்தவரை ஓடுபாதையே கோட்டை வாயில். அதைத் தாக்குதலின் முதல் மணியில் காத்து நிற்பதே மற்ற எல்லாவற்றுக்கும் திறவுகோல்.

இன்றைய ஏற்பாடுகள்

இவ்வாறான பாடங்களிலிருந்து சில நல்ல ஏற்பாடுகள் உருவாகியுள்ளன. 2001 அக்டோபரில் முப்படைகளையும் ஒரே தலைமையின் கீழ்க் கொண்ட நாட்டின் முதல் கூட்டுப் படைத் தலைமையகமாக அந்தமான் நிகோபார் கமாண்ட் அமைந்தது. வடக்கே திக்லிப்பூர் அருகே ஷிப்பூர், தலைநகரம், கார் நிகோபார், தெற்கே காம்ப்பெல் விரிகுடா ஆகிய நான்கு இடங்களில் ஓடுபாதைகள் உள்ளன. மும்பைக்குப் பின் கடற்பாதுகாப்பின் ஒட்டுமொத்தப் பொறுப்பு கடற்படையிடம் அளிக்கப்பட்டு, நான்கு கூட்டு நடவடிக்கை மையங்கள் நிறுவப்பட்டன. மும்பை, கொச்சி, விசாகப்பட்டினம் ஆகியவற்றோடு நான்காவதாக அமைந்தது தீவுகளின் தலைநகரமே. கடற்கரை ரேடார் தொடரின் முதற்கட்டத்தில் நிறுவப்பட்ட 46 நிலையங்களில் நான்கு இத்தீவுகளில் உள்ளன. 2020 ஆகஸ்ட் 10 அன்று சென்னையிலிருந்து சுமார் 2,300 கிலோமீட்டர் நீளக் கடலடிக் கண்ணாடியிழைக் கம்பித் தொடர் இயங்கத் தொடங்கியது. மேயோ காலத்தில் கப்பலில் சென்ற செய்தி இன்று கணத்தில் செல்லும்.

நிர்வாக முறையிலும் தீவுகளுக்கு ஒரு வசதி உண்டு. மாநிலத்தில் தேசியப் பாதுகாப்புப் படை தேவைப்படின் மாநில அரசு மத்திய அரசைக் கேட்க வேண்டும். யூனியன் பிரதேசமாகிய அந்தமான் நிகோபாரிலோ உள்ளூர்ப் போலீசும், வரவேண்டிய படையும் ஒரே உள்துறை அமைச்சகத்தின் பொறுப்பில் உள்ளன. கேட்பதற்கும் கொடுப்பதற்கும் இடையேயான படிகள் குறைவு. இவ்வசதியின் பயன், வேண்டுகோள் எந்த நிலையில், யாரால், எவ்வளவு விரைவில் அனுப்பப்பட வேண்டும் என்பது முன்கூட்டியே எழுதி வைக்கப்பட்டிருந்தால்தான் கிட்டும்.

ஆபத்து வெறும் கற்பனையன்று. தீவுகளைச் சூழ்ந்த தனிப் பொருளாதார மண்டலம் ஏறக்குறைய 6 லட்சம் சதுர கிலோமீட்டர். இது நாட்டின் மொத்தத்தில் ஏறத்தாழ 30 சதவீதம். உள்ள 836 தீவுகளிலும் திட்டுகளிலும் மக்கள் வாழ்பவை 31 மட்டுமே. 2024 நவம்பரில், பேரன் தீவுக்கு அருகே, மியான்மரைச் சேர்ந்த ஆறு பேர் இருந்த மீன்பிடிப் படகொன்றிலிருந்து ஏறத்தாழ 6,000 கிலோ மெத்தம்ஃபெட்டமின் என்னும் போதைப்பொருளைக் கடலோரக் காவல் படை கைப்பற்றியது. அப்படகு ஏற்றிவந்தது போதைப்பொருள். ஆனால் போதைப்பொருள் வரக்கூடிய வழியில் ஆயுதமும் வரக்கூடும் என்பதை எடுத்துக்கூறத் தேவையில்லை.

செலவிட வேண்டிய இடம்

பாதுகாப்புச் செலவு காப்பீட்டுத் தவணை போன்றது. விபத்து நேராத ஆண்டில் அது வீண்செலவாகத் தோன்றும். அதனால் நிதி ஒதுக்கீட்டின்போது, கண்ணுக்குப் பகட்டாகத் தெரியும் கருவிகளுக்குப் பணம் எளிதில் கிடைக்கும். டீசல், படகுப் பழுதுபார்ப்பு, மின்கல மாற்றம், பயிற்சித் தோட்டா போன்றவற்றிற்குக் கிடைப்பது அரிது. ரோந்துப் படகு வாங்கிய ஆண்டில் விழா நடைபெறும். உப்புக்காற்றில் அதன் எந்திரம் பழுதடைந்து துறையில் கட்டிக் கிடக்கும் ஆண்டில் யாரும் கேட்பதில்லை. தீவு நிலைமையில் ஒரு ரூபாயின் இறுதிநிலைப் பயன் மிகுதியாயிருப்பது இத்தகைய பராமரிப்பில்தான்.

இதையடுத்து வேண்டியது ஒத்திகை. 2019 முதல் நடைபெற்றுவரும் 'சீ விஜில்' போன்ற நாடளாவிய கடற்பாதுகாப்புப் பயிற்சிகள் பயனுள்ளவை. ஆனால் ஒத்திகை தலைநகரத்தோடு நின்றுவிடலாகாது. மாயாபந்தரிலும், கச்சாலிலும், காம்ப்பெல் விரிகுடாவிலும் உள்ள நிலைய அதிகாரி, தாக்குதல் நேர்ந்த முதல் கால்மணி நேரத்தில் தாம் செய்யவேண்டியவற்றை எழுத்தில் வைத்திருக்க வேண்டும்: யாருக்குத் தகவல் தருவது, ஓடுபாதைக்கும் படகுத்துறைக்கும் எவரை அனுப்புவது, மக்களை எங்கே சேர்ப்பது, பகைவனோடு பேச்சை எவ்வாறு நீட்டிப்பது. வரப்போகும் சிறப்புப் படைக்கு அவர் தரக்கூடிய மிகச் சிறந்த உதவி, கட்டடத்தின் வரைபடமும், உள்ளிருப்போரின் எண்ணிக்கையும், கலையாத சுற்றுவளையமும் ஆகும். அமிர்தசரஸில் 1993இல் இருந்ததும் 1999இல் இல்லாததும் அந்த அவகாசமே.

மூன்றாவது, மக்களின் பங்கு. கடலின் கண்கள் மீனவர்கள். தமிழர், தெலுங்கர், வங்காளியர், நிகோபாரியர் எனப் பல மொழியினர் இத்தீவுகளின் கடலில் தொழில் செய்கின்றனர். 2011 கணக்கின்படி தீவு மக்களில் ஏறத்தாழ 15 சதவீதத்தினர் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டோர். இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிக் கச்சால் ரப்பர்த் தோட்டத்தில் குடியமர்ந்த குடும்பங்களும் அவர்களுள் அடங்குவர். அயல்படகைக் கண்டால் 1554 என்னும் கடலோரக் காவல் படையின் எண்ணுக்கோ 1093 என்னும் கடலோரப் போலீசின் எண்ணுக்கோ தெரிவிக்கலாம். ஆனால் அதிகாரியை நம்பும் மீனவரே தெரிவிப்பார். அடையாள அட்டைச் சோதனையை அவமதிப்பாக நடத்தினால், அல்லது தகவல் தந்தவரையே நாள் முழுதும் நிலையத்தில் உட்காரவைத்தால், அடுத்த முறை அவர் கண்டும் காணாதவராய்ச் செல்வார். மரியாதை இங்கே பாதுகாப்புக் கருவி. 1956ஆம் ஆண்டின் ஆதிவாசிப் பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குமுறையின் கீழ் ஜாரவா, சென்டினல் மக்களின் பகுதிகளைக் காப்பதும் இதே போலீசின் கடமை. அதை மறந்து, பாதுகாப்பின் பெயரால் அவர்கள் வாழிடங்களில் புகுவது ஒரு தீங்கைத் தடுக்க மற்றொரு தீங்கைச் செய்வதாகும்.

நிறைவாக

தேசியப் பாதுகாப்புப் படை நாட்டின் கடைசிப் படி. கடைசிப் படி உறுதியாயிருப்பது நல்லதே. ஆனால் முதற்படியில் கால் வைக்காமல் எவரும் கடைசிப் படியை அடைவதில்லை. அப்படையின் வீரர்கள் எத்துணை திறம்பட்டவராயினும், அவர்கள் வந்திறங்கும்போது ஓடுபாதை நம்மிடம் இருக்கிறதா, பிணையாளிகள் உயிருடன் இருக்கிறார்களா, சுற்றுவளையம் கலையாமல் இருக்கிறதா என்பவற்றை அவர்கள் நிர்ணயிப்பதில்லை. காம்ப்பெல் விரிகுடாவில் இரவுப் பணியிலிருக்கும் ஒரு தலைமைக் காவலரும், அவருடைய வயர்லெஸ் கருவியில் மின்கலம் இருக்கிறதா என்பதும் நிர்ணயிக்கின்றன.

அந்தத் தலைமைக் காவலருக்கு உரிய பயிற்சி, ஓடக்கூடிய படகு, தெளிவான எழுத்தாணை, மக்களின் நம்பிக்கை ஆகிய நான்கையும் அளிப்பது வளர்ச்சித் திட்டத்தின் ஒரு பகுதியாகவே கருதப்பட வேண்டும். தலைநிலத்திலிருந்து தீவுகள் உள்ள தொலைவை எந்த நிர்வாகமும் குறைக்கவியலாது. அத்தொலைவைக் கடக்க ஆகும் மணி நேரங்களைத் தாங்கும் வலிமையைத் தீவுகளுக்கு அளிப்பது நிர்வாகத்தால் இயலும். அது நிர்வாகத்தின் கடமையும் ஆகும்.